தந்தை வம்சத்தின் இழுப்பறை

கலைக்களஞ்சியத்துக்காக அரசகுலப் பெண்களின் பெயரட்டைகளை அகரவரிசையில் அடுக்குவது அவள் வேலை. மணமானவள் கணவன் வம்சத்தின் எழுத்தில்தான் வர வேண்டும். ஓர் இளவரசி மட்டும் அடங்கவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்தவளைக் கணவன் மீண்டும் அழைத்துப்போன வாரமே இறந்தவள். அவள் அட்டையை எத்தனை முறை மாற்றினாலும், காலையில் தந்தை வம்சத்தின் இழுப்பறைக்கே திரும்பியிருந்தது.

“கோவிச்சுக்கிட்டு அப்பா வீட்டுக்கு வந்துட்டா, உன்னை மாதிரியே,” என்று சிரித்தார் பதிப்பாசிரியர். “கொண்டுபோய் விட்டுடும்மா.”

“அடி வாங்கினவளுக்குத்தான் சார் தெரியும். இங்கேயே இருக்கட்டும்.”

அன்று அட்டையை அவள் மாற்றவில்லை.

மறுநாள் காலை அதன் பின்னால், முதுகோடு ஒட்டி, ஆண்களின் இழுப்பறையில் இருக்க வேண்டிய அவள் கணவனின் அட்டை நின்றது.

மாலை வீட்டுக் கதவைத் தொட்டதுமே உள்ளிருந்து அப்பா உற்சாகமாகக் கூப்பிட்டார்.

“வாம்மா, யார் வந்திருக்காங்க பாரு! உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான்.”