நாற்பத்தோராவது ஆள்

நாற்பது பேர் ஏறியாயிற்று. நாற்பத்தோராவது ஆளைக் காணோம்.

அருவி நிறுத்தத்தில் ஹிசாகோ பேருந்து வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. பத்தரைக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

"யாரு, மிட்சுயோக்காவா?" என்றார் ஓட்டுநர்.

"வேற யாரு."

தெருச் சங்கத்தில் இந்த வருடம் செயலாளர் முறை ஹிசாகோவுடையது. அதனால் நிக்கோ மலைப் பயணமும் அவள் தலையில். காலையில் அருவி, மதியம் நூடுல்ஸ் கடை, அப்புறம் ஏரி, இருட்டுவதற்குள் வீடு. மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கிற இந்த இரண்டு வாரமும் மலைப்பாதை முழுக்க வண்டிதான். மூன்று மணிக்குள் வளைவுகளில் இறங்காவிட்டால் நத்தைக்குப் பின்னால் நத்தையாக நகர வேண்டியதுதான்.

ஒருவழியாக மிட்சுயோ வந்தாள். தெருக்கோடியில் சலவைக் கடை வைத்திருப்பவள். அறுபத்தைந்து வயது. கையில் ஊறுகாய்ப் பை. ஒவ்வொரு வரிசையிலும் நின்று, குனிந்து, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கடைசி இருக்கைக்குப் போனாள்.

"ஊறுகாய் நம்ம ஊர்ல கிடைக்காதாக்கா?" என்றார் எழுதுபொருள் கடை தாதொகொரோ.

"இது மலைத் தண்ணியில ஊறினது. ஒரு துண்டு வாயில போடுங்க, திட்டறதை நிறுத்திடுவீங்க."

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில், இன்னும் மூச்சு அடங்காமல் உட்கார்ந்திருந்த ஹிசாகோவின் அப்பா கென்சாகு மட்டும் சிரித்தார். "பரவாயில்லையே, என்னைவிட மோசமான ஆளும் இருக்கு" என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

அவர் சிரித்தது ஹிசாகோவுக்கு நிறைவாக இருந்தது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, ஒன்றரை வருடமாக வீட்டை விட்டு வெளியே வராத மனிதர். கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டி வந்திருந்தாள். பெயர் கொடுத்த அன்றே சங்கத்தில் எல்லார் காதிலும் விழச் சொல்லியிருந்தார்: "என் ஒருத்தனுக்காக வண்டி நின்னுச்சுன்னா அதோட சரி. அப்புறம் என்னை எங்கேயும் கூப்பிடாதீங்க." மகள் கை பிடித்து நடக்கவும் கூடாதாம்.

இவரே ஏறி உட்கார்ந்துவிட்டார். நல்லா நடக்கிற மிட்சுயோவுக்கு என்ன கேடு?

மதியம் நூடுல்ஸ் கடையில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். அப்பா இடது கையால் கடைசி இழைகளைத் துரத்திக்கொண்டிருந்தார். ஹிசாகோ கடிகாரத்தைப் பார்த்த அதே நேரம் மிட்சுயோ கடைக்காரியைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"நூடுல்ஸ் வெந்த தண்ணி இன்னொரு கூஜா கொண்டாங்கம்மா. சூடா."

"அக்கா, எல்லாரும் எழுந்தாச்சு."

"அதைக் குடிக்காட்டா எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நீ போ, வரேன்."

ஊதி ஊதிக் குடித்தாள். அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தேடி எடுத்து, நடந்து போய் வண்டியில் ஏறியும்விட்டார். அதற்கப்புறம்தான் இந்த அம்மாள் ஆடி அசைந்து வந்தாள்.

"அடுத்த வருஷம் இவங்க வந்தா நான் வரல" என்றார் தாதொகொரோ, மிட்சுயோவுக்குக் கேட்கும்படியாகவே.

ஹிசாகோ நோட்டை எடுத்து, மிட்சுயோ பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"ஏரிக்கரையில அரை மணி நேரம். ரெண்டே முக்காலுக்கு வண்டி கிளம்பும். யாரா இருந்தாலும் விட்டுட்டுப் போயிடுவோம்."

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின.

"விட்டுட்டுப் போங்க" என்றாள் மிட்சுயோ. "என்கிட்டதான் ஊறுகாய் இருக்கே."

ஏரியில் மலை முழுக்கச் சிவப்பாகத் தலைகீழாகக் கிடந்தது. அதைப் பார்க்க ஹிசாகோவுக்கு நேரமில்லை. இரண்டே முக்காலுக்கு எண்ணினாள். முப்பத்தொன்பது. கரைப்பாதையில் அப்பா ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தார். மிட்சுயோவைக் காணவே காணோம்.

வண்டிக்குள்ளிருந்து தாதொகொரோ, "எடுங்க சார், எடுங்க" என்றார் ஓட்டுநரிடம்.

ஹிசாகோ விறுவிறுவென்று நடந்தாள். எதிரே வந்த அப்பாவிடம், "பதறாம வாங்கப்பா. அந்தக்கா இன்னும் வரல" என்றாள்.

"அந்த மகராசி இருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை" என்று சிரித்தார். "அடுத்த வருஷம் அருவிக்குக் கீழேயும் இறங்கிப் பார்த்துடணும்."

கழிப்பறையில் தேடினாள். படகுத்துறையில் தேடினாள். திரும்பி வரும்போது, வண்டிக்கு முப்பதடி தூரத்தில், கொழுக்கட்டைக் கடையின் பின்புறம் மிட்சுயோ நின்றுகொண்டிருந்தாள். தின்னவில்லை, வாங்கவில்லை. பையைத் தோளில் மாட்டி, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு, சுவரோரமாகத் தலையை மட்டும் நீட்டி வண்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி தெரியுற தூரத்துல நின்னுக்கிட்டா இந்த வேலை பண்றீங்க? நாப்பது பேர் உங்களைக் கரிச்சுக் கொட்டுறாங்கக்கா. என்னதான் பண்றீங்க இங்க?"

மிட்சுயோ திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத. உங்கப்பா ஏற இன்னும் ஒரு படி பாக்கி."