தேசப்பன் வீட்டுச் சேவல்

ஆடி ஞாயிறும் அதுவுமாக, வீட்டிலேயே சேவல் இருக்கும்போது கறிக்கு எதற்குக் கடைக்குப் போக வேண்டும் என்று புஷ்பவல்லி கேட்டதுதான் தாமதம், அவள் புருஷன் கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம சேவலு கேப்டனயா? ஜட்கா வண்டி ஏறி அதுக்குக் கால் ஒடிஞ்சப்போ, ஆர்பர்லேர்ந்து பலகத் துண்டு கொணாந்து வெச்சுக் கட்டுனவன் நானு. அத்தப் போய்த் துன்றதா? பாவம்மே!"

"அப்போ இத்த பின்தெரு தேசப்பண்ணன் வூட்ல குட்த்துட்டு, அவுங்க சேவல வாங்கியாரேன். அவரும் தன் சேவல அறுக்க மனசு வராம உன்னாட்டமே அழுதுகினு கீறாராம்."

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அது சரி. மூஞ்சி பாக்காத சேவலு. அதுல இன்னா பாவம்?"

கேப்டனை இடுக்கிக்கொண்டு போன புஷ்பவல்லி, அறுத்துக் கழுவிய கறியோடு திரும்பினாள். மத்தியானம் ராயபுரமே மணக்கக் குழம்பு கொதித்தது.

"தேசப்பன் நல்லாத்தான் வளத்துகிறான்" என்று சொல்லிக்கொண்டே கோதண்டம் கால் துண்டைக் கடித்தான். எலும்பின் நடுவே, எப்போதோ ஒடிந்து கூடிய முடிச்சு ஒன்று பல்லில் இடறியது.

புஷ்பவல்லி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டம் அந்த எலும்பைச் சோற்றுக்குள் மெல்லப் புதைத்தான்.

"பாவம்மே, தேசப்பன் சேவலுக்கும் எப்பவோ கால் ஒடிஞ்சிருக்கு" என்றான். "இன்னும் ரெண்டு துண்டு போடு."