பெட்டி கிளம்பிவிட்டது

“அந்தப் பெட்டியை எங்கே தள்ளிக்கிட்டுப் போறே, ஆங்கஸ்?”

பட்டறை மேலாளர் டொரீன் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த காப்பி தளும்பியது. ஆங்கஸ் நின்றான். அவனுடைய சிவப்புப் பெட்டி பாதித் தூரம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் உருட்டினால் பெரிய கதவு. கதவுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கனடாவில், வடக்கு ஆல்பர்ட்டாவின் சுரங்க ஊர்களில் இதற்கு விளக்கமே தேவையில்லை. ராட்சத லாரியும் மண் அள்ளும் லோடரும் கம்பெனியுடையவை. அவற்றைக் கழற்றிப் பூட்டும் ஸ்பானர்கள் மெக்கானிக்கின் சொந்தச் சொத்து. மார்பு உயரத்துக்கு இழுப்பறைகள் அடுக்கி, சக்கரம் வைத்த பெட்டியில் அவற்றை வைத்திருப்பான். வேலையில் சேரும் நாளில் பெட்டி உள்ளே வரும். பெட்டி வெளியே போனால் ஆளும் போனான் என்று அர்த்தம்.

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் டொரீன் மூன்று பெட்டிகளை வழியனுப்பிவிட்டாள். கடைசியாகப் போனவன் டைலர். ஆங்கஸின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். போன வாரம் அவன் பெட்டியை லாரியில் ஏற்ற மூன்று பேர் முக்க வேண்டியிருந்தது. இப்போது மிச்சம் இருக்கும் ஒரே மெக்கானிக் ஆங்கஸ்தான்.

“டொரீன், அது வந்து...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். டைலர் போனதிலேர்ந்து உன் மூஞ்சியே சரியில்ல. அந்த லோடர் வயித்தைத் திறந்து போட்டுட்டு அதையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கறே. என்னைப் பழிவாங்கறியா?”

“சேச்சே, அப்படியெல்லாம் இல்ல.”

“நாளைக்கு அது சுரங்கத்துக்குப் போகலேன்னா ஒப்பந்தத்தை வேற பட்டறைக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் நான் இந்தக் கதவை இழுத்துப் பூட்டிட்டு எங்கம்மா வீட்ல உருளைக்கிழங்கு உரிக்க வேண்டியதுதான். சம்பளம்தானே உனக்குப் பிரச்சினை? வாயைத் திறந்து சொல்லு.”

“பத்தலதான். அதை மறைக்க என்ன இருக்கு?” ஆங்கஸ் பெட்டிமேல் சாய்ந்துகொண்டான். “வீட்டுக்காரர் மறுபடி வாடகையை ஏத்திட்டாரு. தரைக்குக் கீழே ஒரு அறை. ஜன்னல் வழியா பாத்தா நாய்க்காலுதான் தெரியும். அதுக்குச் சம்பளத்துல பாதி. ஹீட்டருக்குத் தனி. சொந்த ஊரு கேப் பிரெட்டன்ல இருக்கற பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு அனுப்பணும். தக்காளி விலை கேட்டா...”

“என்கிட்டேயே தக்காளி விலையைச் சொல்லாதே. நானும் இதே ஊர்லதான் சமைக்கிறேன்.”

டொரீனுக்கு எரிச்சல் ஆங்கஸ் மேல் அல்ல, கல்கரியில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் மேல். சம்பளத்தை ஏற்றச் சொல்லி எத்தனை தடவைதான் கெஞ்சுவது? வடக்கே போனால் கை நிறையச் சம்பளம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கை மாதம் பாதியிலேயே காலியாகிவிடும் என்பது மட்டும் மண்டையில் ஏறவே ஏறாது.

“எந்தப் பட்டறை? ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரனா? என்ன தரேன்னான்?”

“யாரும் எதுவும் தரேன்னு...”

“சொல்ல மாட்டே. சரி, மணிக்கு நாலு டாலர் கூடத் தரேன்.”

ஆங்கஸ் பெட்டியைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பேரம் படியவில்லை என்று டொரீனுக்குப் பட்டது.

“ஆறு. இதுக்கு மேல கேட்டா இங்கேயே உக்காந்து அழுதுருவேன்.”

“மத்தியானம் ஒருத்தன் லாரி கொண்டாரேன்னிருக்கான், டொரீன். வாக்குக் குடுத்துட்டேனே.”

“வரட்டும். அவனை நான் பாத்துக்கறேன்.” டொரீன் காப்பியை வைத்துவிட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். “எங்க வீட்டுல கேரேஜுக்கு மேலே ஒரு அறை சும்மாதான் கிடக்கு. வசந்தம் வர்ற வரைக்கும் வாடகையில்லாம இரு. போதுமா? இன்னும் என்ன, என் தோலை உரிச்சுத் தரவா?”

ஆங்கஸின் கண்கள் கலங்கிவிட்டன. டொரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்க் கல்கரிக்குப் போன் போட்டாள். அவள் கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது. என் போனஸில் வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள் என்ற பிறகுதான் மறுமுனை இறங்கிவந்தது.

வெளியே வந்தபோது ஆங்கஸ் பெட்டியைத் தன்னந்தனியாக உருட்டிப் பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தான். சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு எங்கிருந்துதான் இத்தனை பலம் வருகிறதோ என்று டொரீன் நினைத்துக்கொண்டாள்.

“இப்பவாவது அந்த லோடர்ல கை வைப்பியா?”

“இதோ.” ஆனால் அவன் நகரவில்லை. “எங்கேயாவது ஒரு ஸ்பானர் செட் மட்டும் இரவல் வாங்கிக் குடுத்தா நல்லாருக்கும்.”

“ஏன், உன்னுது என்ன ஆச்சு?”

ஆங்கஸ் மேல் இழுப்பறையை இழுத்தான். அடுத்ததையும், அதற்கடுத்ததையும் இழுத்தான். எல்லாம் துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்தன. கடைசி இழுப்பறையில் மட்டும் அவனுடைய மதியச் சாப்பாட்டு ரொட்டி கிடந்தது.

“வாடகைக்காக ஒண்ணொண்ணா வித்துட்டேன். டைலர் இருந்தவரைக்கும் அவன்கிட்ட வாங்கிச் சமாளிச்சேன். மத்தியானம் வர்றவன் இந்தக் காலிப் பெட்டியை வாங்க வர்றான்.” அவன் தலையைச் சொறிந்தான். “வேலையை விட்டுப் போறேன்னு நான் எங்கே சொன்னேன், டொரீன்? கையில ஸ்பானர் இல்லாத மெக்கானிக்கை இந்த ஊர்ல வேற எவன் சேத்துக்குவான்?”