தூதரின் மனைவி

“வரலைன்னா வரலைதான், அக்கா. பெரு நாட்டுக்கு அவர் மட்டும் போகட்டும்” என்றாள் சூச்சின், கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்தபடி.

குய்லானுக்கு வந்ததே கோபம். தம்பி ஜிங்ஷான் சீனத் தூதராகப் போகிறான் என்ற சந்தோஷத்தில் தியான்ஜினிலிருந்து ரயிலேறி பெய்ஜிங் வந்தவள் அவள். வந்த இடத்தில் தம்பி பெண்டாட்டி இப்படி ஒரு குண்டைப் போடுகிறாள்!

“அவன் சின்ன வேலையில இருந்தப்போ கொசுக்கடியிலயும் காய்ச்சல்லயும் கூடவே கிடந்தியே! அவனுக்காக உன் உத்தியோகத்துல வந்த எத்தனை நல்ல வாய்ப்பை விட்டே! இப்போ மாளிகை, கொடி கட்டின கார்னு வர்றப்போ தனியா போன்னா என்ன அர்த்தம்?”

“கொடி கட்டின கார்ல அவர் போகட்டுமே.”

“விருந்துக்கு வர்றவங்களை வாசல்ல நின்னு யார் வரவேற்கிறது? தூதர் ஒண்டிக்கட்டையா நின்னா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“நினைக்கறவங்க நினைக்கட்டும்.”

“அவனுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு.”

“மாத்திரையெல்லாம் பெட்டியில வச்சாச்சு.”

குய்லான் அவள் எதிரே போய் நின்றாள். “யூ சூச்சின்! என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. ரெண்டு பேரும் பிரியப் போறீங்களா?”

மாவு தேய்த்த கை நின்றது. சூச்சின் கணவனைப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

“நீயாவது வாயைத் திறடா!”

“கொஞ்சம் பொறுக்கா. ஏழு மணி செய்தி வரட்டும். அறிவிப்பு வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு வெளியுறவு அமைச்சகத்துல உத்தரவு. என் விஷயத்தை உன்கிட்ட உளறினதே தப்பு.”

“நல்லா இருக்குடா! உன் பொண்டாட்டியைப் பத்திப் பேசறதுக்கும் அமைச்சகம் அனுமதி தரணுமா?”

அவன் டிவியைப் போட்டான்.

கொழுக்கட்டைகள் வெந்து மேலே மிதக்கும் நேரத்தில் செய்தி வந்தது. “பெரு நாட்டுக்கான தூதராக லுவோ ஜிங்ஷான் நியமிக்கப்பட்டுள்ளார்.”

குய்லான் இரு கைகளாலும் கண்களைத் துடைத்துக்கொண்டாள். “நம்ம அப்பா இருந்திருந்தா தெருவையே கூட்டியிருப்பார்.” சட்டென்று சூச்சின் பக்கம் திரும்பினாள். “இதைக் கேட்டுமா உன் மனசு இளகலை? கல்லுடி நீ!”

மாவு படிந்த சூச்சினின் கையை ஜிங்ஷான் இறுகப் பற்றிக்கொண்டான்.

“திட்டினது போதும்கா. அடுத்த பேரையும் கேளு” என்று சத்தத்தைக் கூட்டினான்.

“நேபாளத்துக்கான தூதராக யூ சூச்சின் நியமிக்கப்பட்டுள்ளார்.”