பிலவேந்திரன் தொட்டியில் வளர்ந்த மீன்

"மீன் எங்கேங்க, பிலவேந்திரன்?"

வங்கி மேலாளர் அப்துல் ஷுக்கூர் கழிவுநீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கு அரைத்த தண்ணீர் மோர் நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. மூக்குக்குப் போன கைக்குட்டை அங்கேயே தங்கிவிட்டது.

ஜவ்வரிசி மில் முதலாளி பிலவேந்திரன் அவரைத் தொட்டியோரத்திலிருந்து நிழலுக்கு நகர்த்தப் பார்த்தார். புது மிஷின் வாங்க இரண்டு லட்சம் கடன் கேட்டிருந்தார். 'மில் தண்ணீரைச் சுத்தம் செய்து, அதிலேயே மீன் வளர்க்கிறேன்' என்று மனுவில் ஒரு வரி சேர்த்ததுதான் இப்போது வினை. மேலாளர் திருப்திப்பட்டால்தான் கடன்.

"வெயில் ஏறிட்டா அடியில போயிப் படுத்துக்குமுங்க சார்."

"போபால் விஷவாயுவுக்கு அப்புறம் எங்க ஹெட் ஆபீஸ்ல ஒரே ஆராய்ச்சி. ஊர்த் தண்ணியக் கெடுக்கிற ஆலைக்குக் குடுத்த கடன் தேறாதாம். நானே ஒரு கட்டுரை எழுதறேன். நாப்பது பக்கம் ஆச்சு. உங்க தொட்டிக்குத் தனி அத்தியாயம்!"

"லாபம் அப்புறம், தண்ணி முதல்ல. நம்ம கொள்கையே அதானுங்க." சொல்லும்போது பிலவேந்திரனுக்கே நெஞ்சு விம்மியது.

"ஒண்ணு புடிச்சுக் காட்டுங்களேன்."

"காலையில புடிச்சது வூட்டுல கொழம்பாயிடுச்சுங்க. வெள்ளிக்கிழமை நாங்க கறி ஆக்கறதில்லீங்க, மீன்தான். ஜும்மா தொழுகை முடிச்சுப் பசியோட வந்திருப்பீங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

அடுப்படியில் மனைவி ஆரோக்கியம்மாள் பிடித்துக்கொண்டாள். "தருமபுரி மார்க்கெட்டுல வாங்குன மீனு நம்ம தொட்டியில எப்பங்க நீஞ்சுச்சு? அந்தத் தண்ணிய எருமைகூட மோந்து பாக்காது!"

"மீனுன்னா எல்லாம் மீனுதான். அவரு என்ன அதுகிட்ட ஊரு பேரா கேக்கப் போறாரு? நடுத்துண்டாப் போடு."

மேலாளர் இரண்டாம் முறை சோறு வாங்கினார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலையோரம் அடுக்கினார்.

"அபார ருசி! எத்தனை வருஷமா வளக்கறீங்க?"

"மூணு வருஷமுங்க. குஞ்சுல இருந்து என் கைத்தீனிதானுங்க."

"எல்லாமே இதே மீன்தானா?"

"இது ஒண்ணுதானுங்க நம்ம தண்ணிக்கு ஒத்துக்குது!"

மேலாளர் கை கழுவிவிட்டு மனுவை விரித்தார். 'புது மிஷின் வாங்க' என்பதை அடித்து, 'கழிவுநீரைச் சுத்தம் செய்ய' என்று மேலே எழுதினார். பேனாவைப் பிலவேந்திரனிடம் நீட்டினார்.

"திருத்தத்துக்குப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. கடன் உண்டு. முதல்ல தொட்டிக்கு, மிஷினுக்கு அப்புறம்."

"ஏனுங்க சார்? தொட்டியில மீனே வளருதே..."

ஷுக்கூர் ஆரோக்கியம்மாள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எங்க உம்மா வெச்ச கொழம்பு மாதிரியே இருந்துச்சும்மா. நாகூர்ல எங்க வாப்பாவுக்கு நாலு படகு. கடல்ல இருக்கிற சங்கரா மீன் தருமபுரிக்கு வந்து, கிழங்குத் தண்ணியில குடும்பம் நடத்துறதை நான் இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்!"