காலடி மணல்

பிரான்ஸின் ஃபோந்தேன்ப்ளோ காட்டில், பாறையேறும் பல தலைமுறைக் கைகள் தொட்டுத் தொட்டு வழவழப்பான பாறைமேல் காலை வெயில் விழுகிறது. போன வருடம் இங்கிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட கிஸ்லேன் இன்றுதான் மறுபடி ஏற வந்திருக்கிறாள். கணவன் அர்மான் மண்டியிட்டு, அவள் பாதத்தைத் தன் தொடையில் ஏந்தி, காலணியின் அடியில் ஒட்டிய மணலைப் பழந்துணியால் துடைக்கிறான். "கல்யாணத்துக்குக் கேட்டப்பகூட நீ மண்டி போடலையே!" என்கிறாள். "உனக்காக இல்லடி. மணல் பட்டா பாறை தேஞ்சிடும்." சிரித்தபடியே ஏறுகிறாள். கீழே அவன் இரு கைகளையும் விரித்து, அவள் முதுகைத் தொடாமல் கூடவே நகர்கிறான். ஏறும் வழியைக் காட்டப் பாறையில் தீட்டிய மங்கிய ஆரஞ்சு அம்புக்குறியைத் தாண்டி, உச்சியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுகிறாள். "வந்துட்டேன் அர்மான். கையைக் கீழ போடு." "போடறேன்" என்கிறான். கைகள் விரித்தபடியே இருக்கின்றன.