வினோதினிக்காக நிற்கும் பேருந்து

குளித்தேன், தோசை வார்த்தேன், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சிட்லபாக்கம் நிறுத்தத்துக்கு நடந்தேன். எங்கள் பேருந்துக்கு ஓட்டுநர் கிடையாது. தினமும் ஏறுகிறவர்களை அதற்கே தெரியும். ஆள் வராவிட்டால் கொஞ்ச நேரம் காத்திருக்கும்.

நான் ஏறிய பிறகும் கதவு மூடவில்லை. "வினோதினி இன்னும் வரலை," என்றது பேருந்து. வினோதினி என் மனைவி.

"ஒரு மாசமா நாங்களும் பொறுத்துக்கிட்டோம், தம்பி," என்றார் முன்சீட்டு நர்ஸ் அக்கா. "அவ இறந்துட்டான்னு நீங்கதான் அதுகிட்ட சொல்லணும். எனக்கு டூட்டிக்கு லேட்டாகுது."

சொன்னால் பேருந்து அவள் பெயரை அழித்துவிடும். நாளை அவளுக்காக நிற்காது.

பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை. இறந்த நாளன்று காலை செருப்பு அறுந்து தெருமுனையில் நின்றபடி அவள் கடைசியாகச் சொன்னதையே பேருந்திடம் சொன்னேன்.

"எல்லாரையும் காக்க வைக்காதீங்க. நீங்க போங்க, நான் அடுத்த பஸ்ல வர்றேன்."